சட்டைப்பைக்குள் தமிழ் வந்த வழி



சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக் கடை நடத்தியவர்களிடமும், அங்கே கணக்கு வைத்துச் சாமான் வாங்கியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். உள்ளங்கை அளவிலான ஒரு குறிப்புப் புத்தகத்தை உடனே நினைவுகூர்வார்கள். அட்டையில் 555 என்ற எண் இருக்கும். கடன் கணக்கு, உறவினர் வீட்டுத் தொலைபேசி எண், சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள் எல்லாம் அதற்குள்தான். தமிழில் எழுதினால் தமிழ், சீனத்தில் எழுதினால் சீனம். எந்த மொழியில் எழுதப் போகிறாய் என்று அந்தப் புத்தகம் யாரையும் கேட்டதில்லை.

அந்தப் புத்தகம் இருந்த சட்டைப்பையைப் பிடிக்க ஒரு காலத்தில் பல நிறுவனங்கள் போட்டி போட்டன. மின் நாட்குறிப்பு, கைக்கணினி என்று பல பெயர்களில் அந்தக் கருவிகள் வந்தன. ஏறத்தாழ 25 ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, பிறகு கைத்தொலைபேசிக்குள் கரைந்து போயின. அவை எப்படி வேலை செய்தன என்பதோடு, அவற்றுக்குள் தமிழ் ஏன் எளிதில் நுழைய முடியவில்லை என்பதையும் இன்று பார்க்கலாம். அந்தத் தடையின் தழும்பு இன்றும் நம் தொலைபேசிகளில் இருக்கிறது.

மரக்கட்டையில் பிறந்த கருவி

1984ஆம் ஆண்டு பிரிட்டனின் சையான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்ற கருவியை வெளியிட்டது. பார்ப்பதற்குக் கணக்குப்போடும் கருவி போல இருக்கும். திரையில் ஒரே ஒரு வரி, அதில் 16 எழுத்துகள். தகவலைச் சேமிக்கத் தனியாக ஒரு சிறு பெட்டி செருக வேண்டும். அந்தப் பெட்டியில் எழுதியதை முழுமையாக அழித்து மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், அதைக் கழற்றிப் புற ஊதா விளக்கின் ஒளியில் வைக்க வேண்டும்! இன்று ஒரு விரல் தட்டலில் நடக்கும் வேலை அது.

அதன்பின் ஜப்பானின் கேசியோ, ஷார்ப் நிறுவனங்களின் மின் நாட்குறிப்புகள் பரவலாயின. மூடித் திறக்கும் வகை, ரகசியக் குறியீடு போட்டால்தான் திறக்கும் பக்கம், உலக நகரங்களின் நேரம் என்று பல வசதிகள். சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர், முஸ்தபா சென்டர் போன்ற இடங்களில் மின்னியல் பொருள்களைப் பார்த்து நின்ற தலைமுறைக்கு இவை நன்கு தெரிந்தவை. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஷார்ப் 1987ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் 'கான்ஜி' எழுத்துகளைக் காட்டும் குறிப்பேட்டை விற்றது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட அந்தச் சிக்கலான வரிவடிவம் 1987இன் சிறு திரையில் ஏறிவிட்டது. ஆகவே, எழுத்துகளின் எண்ணிக்கை ஒரு மொழிக்குத் தடை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே வாங்குவோர் இருந்தார்கள், செய்பவரும் அதே மொழிக்காரர்.

1993இல் ஆப்பிள் நிறுவனம் 'நியூட்டன்' கைக்கணினியைக் கொண்டுவந்தது. திரையில் நாம் எழுதும் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்றித் தருவேன் என்றது. தொடக்கத்தில் அது படித்த அழகைப் பார்த்து அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். விலையும் அதிகம், சட்டைப்பையிலும் அடங்காது. 1998இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது. ஆனால் நியூட்டனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஆர்ம்' வகைச் சில்லுகளின் வழித்தோன்றல்கள்தான் இன்று உங்கள் கைத்தொலைபேசியை இயக்குகின்றன. தோற்ற கருவியும் வாரிசை விட்டுச் செல்கிறது!

நியூட்டனின் தவற்றிலிருந்து பாடம் கற்றவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். கருவியைச் செய்வதற்கு முன், அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவது போல் பாவனை செய்வார். இந்த அளவு போதுமா, எத்தனை தட்டலில் வேலை முடிய வேண்டும் என்பதை அப்படித்தான் கண்டறிந்தார். 1996இல் 'பைலட்' வந்தது. பிற்காலத்தில் 'பாம்' என்று உலகமே அறிந்த கருவி. விலை 299 அமெரிக்க வெள்ளி. நினைவகம் 128 கிலோபைட்; இன்று தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். சிறிய மின்கலன்கள் இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

அந்தக் கருவியின் வெற்றி மென்பொருளில் இருந்தது. ஒத்திசைவை எடுத்துக்கொள்வோம். கருவியை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கருவியில் உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் 'மாறியது', 'நீக்கப்பட்டது' என்பது போன்ற அடையாளங்கள் உண்டு. மேசைக் கணினியும் கருவியும் அந்த அடையாளங்களை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் பரிமாறிக்கொள்ளும். கணினியில் ஒரு நகல் எப்போதும் இருந்தது பெரிய உதவி. ஏனென்றால் அன்றைய கருவிகளில் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு. மின்கலனை மாற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் அவகாசம். அதற்குமேல் போனால் எல்லாம் காலி.

இன்னொன்று 'கிராஃபிட்டி' என்ற எழுதும் முறை. நியூட்டன் மனிதனின் கையெழுத்தைக் கற்க முயன்றது. பாம் அதைத் திருப்பிப் போட்டது: நீங்கள் கொஞ்சம் மாற்றி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், நான் தவறில்லாமல் படிக்கிறேன் என்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் கை எடுக்காமல் ஒரே கோடு. ஆங்கில 'ஏ' எழுத்துக்குக் குறுக்குக் கோடு வேண்டாம், கூரை போல் வரைந்தால் போதும். சிறிது நேரப் பயிற்சியில் கை பழகிவிடும். ஒரே கோட்டில் எழுதும் உத்தி தங்களுடையது என்று ஸீராக்ஸ் நிறுவனம் 1997இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2003இல் பாம் வேறு எழுதும் முறைக்கு மாறியது. பழகிய கைகளுக்கு அது எரிச்சல்தான்.

சிங்கப்பூரும் இந்த அலையில் பின்தங்கவில்லை. 1999இல் டன்மன் உயர்நிலைப் பள்ளியில், பாடநூல்களுக்குப் பதிலாக 'எடுபேட்' என்ற கையடக்கக் கருவியை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். புத்தகப்பையின் பாரம் குறையும் என்று பெற்றோர் எதிர்பார்த்த காலம் அது.

மனமும் மணமும்

இனித் தமிழுக்கு வருவோம். பாம் திரையில் குறுக்கே 160, நெடுக்கே 160 புள்ளிகள். ஓர் ஆங்கில எழுத்துக்குக் குறுக்கே ஐந்தாறு புள்ளிகள் போதும். தமிழில் 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி. சுழி என்றால் நடுவில் ஒரு வெற்றுப் புள்ளியாவது வேண்டும், இரு பக்கமும் கரை வேண்டும். ஐந்தாறு புள்ளிகளுக்குள் மூன்று சுழியை அடைத்தால் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். 'மாலை ஆறு மணிக்கு மணவிழா' என்று குறித்து வைத்தால், மணமா மனமா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கலாம், அப்போது திரையில் கொஞ்சம் வரிகள்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் குறியீட்டில் இருந்தது. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அன்றைய பாம் கருவி ஓர் எழுத்துக்கு எட்டு பிட் ஒதுக்கியது. அதாவது மொத்தம் 256 இடங்கள். முதல் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். மறுபாதியில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. தமிழ் ஆர்வலர்கள் என்ன செய்யலாம்? எழுத்துருவை மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் போட்டு, ஐரோப்பிய எழுத்துகளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலிகளில் தமிழை உட்கார வைக்கலாம். அது வாசிக்க உதவும் உத்தி. எழுத வேண்டுமானால்? கிராஃபிட்டியில் தமிழுக்குக் கோடு கிடையாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த 31க்கும் கோடுகள் வகுத்து, மெய்யையும் உயிரையும் சேர்க்கும் வேலையை மென்பொருளிடம் விட்டிருந்தால் 247 எழுத்தும் வந்திருக்கும். பாம் நிறுவனம் அப்படி ஒன்றைத் தரவில்லை.

நாற்காலிகளில் உட்கார வைப்பதிலும் நமக்குள் ஒற்றுமை இல்லை. டிஸ்கி என்பது ஒரு வரிசை. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் என்பவை வேறு வரிசைகள். சிங்கப்பூரில் பயன்பட்ட தமிழ்ஃபிக்ஸ் இன்னொன்று. ஒருவர் அனுப்பியதை மற்றவர் திறந்தால் புரியாத குறிகளாக வரும். எந்த நிறுவனத்திடமாவது போய், எங்கள் மொழிக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டால், எந்த வரிசைக்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், கணினித் தமிழில் அன்று சிங்கப்பூர் முன்னணியில் இருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டது. அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். அதில் தமிழை ஏற்றியவர் தேசியக் கல்விக் கழகத்தின் நா. கோவிந்தசாமி. 'இணையம்' என்ற சொல்லையே நமக்குத் தந்தவர் என்று பலரும் அவரைக் குறிப்பிடுவார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அந்த முயற்சியில் அவருக்குத் துணை நின்றார். 1997இல் தமிழ் இணைய மாநாட்டின் முதல் கூட்டம் இங்கேதான் நடந்தது. 1999 மே மாதம் கோவிந்தசாமி காலமானார். 2000ஆம் ஆண்டு ஜூலையில் மறுபடியும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், அதாவது உத்தமம், உருவானது. மேசைக் கணினியில் தமிழை ஏற்ற வழி கண்ட ஊரில், அதே ஆட்களின் சட்டைப்பையில் இருந்த கருவி ஆங்கிலம் மட்டுமே பேசியது.

அதே 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் 'பாக்கெட் பிசி' கைக்கணினிகளைக் களமிறக்கியது. அவை உள்ளுக்குள் யூனிகோட் முறையில் இயங்கியவை. யூனிகோடில் தமிழுக்கு என்றே சொந்த இடம் உண்டு, யாரையும் எழுப்ப வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் தடை நீங்கியிருக்க வேண்டும். நீங்கவில்லை. 'கெ' என்று எழுதும்போது யூனிகோட் முதலில் ககரத்தையும் பிறகு ஒற்றைக்கொம்பையும் சேமிக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு மென்பொருள் பகுதி தேவை. மேசைக் கணினிக்கு வந்த விண்டோஸ் 2000இல் அது இருந்தது, தமிழ் எழுத்துருவும் இருந்தது. கைக்கணினியில் இரண்டையும் வைக்கவில்லை. எண் சரியாகப் போய்ச் சேரும். திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். மேசைக்குக் கிடைத்த இடம் உள்ளங்கைக்கு மறுக்கப்பட்டது.

நாள்காட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஒவ்வோர் ஆண்டும் இதே தேதி' என்று போட்டால் பிறந்தநாள் தவறாமல் வரும். தீபாவளி வராது, தைப்பூசமும் வராது. திதியையும் நட்சத்திரத்தையும் அந்த மென்பொருள் அறியாது. ஆகவே ஆயிரம் வெள்ளிக் கருவி வைத்திருந்தவரும் ராகுகாலம் பார்க்கத் தேக்கா கடைக்காரர் கொடுத்த தினசரி நாள்காட்டியைத்தான் கிழித்தார்.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து, கிராமத்து மக்கள் தாய்மொழியில் பயன்படுத்தக்கூடிய மலிவான கைக்கணினி ஒன்றை வடிவமைத்தார்கள். பெயர் 'சிம்ப்யூட்டர்'. 2001இல் அறிமுகம் ஆனது. லினக்ஸ் இயக்கமுறை, எழுத்தைப் படித்துக் காட்டும் குரல் வசதி, ஒரே கருவியை ஊரார் பலர் பயன்படுத்தும் வகையில் ஆளுக்கோர் அட்டை. பத்தாயிரம் ரூபாய் அளவிலிருந்து 2004இல் 'அமிடா' என்ற வகை விற்பனைக்கு வந்தது. கருவியைச் சாய்த்தால் அதை உணரும் வசதிகூட அதில் இருந்தது. எண்ணம் அருமை. ஆனால் அதற்குள் கைத்தொலைபேசி அதைவிட மலிவாகிவிட்டது. சிம்ப்யூட்டர் சில ஆயிரத்தைத் தாண்டிப் பெரிதாக விற்கவில்லை.

பத்து வணக்கமும் இருபது வணக்கமும்

கைத்தொலைபேசி வந்ததும் நிலைமை மாறியதா? குறுஞ்செய்தியில் வேறொரு கணக்கு இருந்தது. ஒரு செய்திக்கு 140 பைட் மட்டும். ஆங்கிலம் ஏழு பிட் முறையில் போவதால் 160 எழுத்துகள் கொள்ளும். யூனிகோடில் தமிழ் அனுப்பினால் 70 குறியீடுகள்தான். 'வணக்கம்' என்பதற்குப் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடுகள். ஒரு செய்தியில் பத்து வணக்கம் சொல்லலாம். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு எழுத்து. இருபது வணக்கம் சொல்லலாம். அதே காசுக்கு இரண்டு பங்கு. எழுத வசதியில்லை, பெறுபவர் தொலைபேசியில் தெரியுமா என்பதும் தெரியவில்லை, செலவும் கூடுதல். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கருவி அந்தப் பக்கமாகத்தான் தள்ளியது.

இந்த இடத்தில்தான் 'செல்லினம்' வருகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன், முரசு மென்பொருளை 1980களிலிருந்தே வளர்த்து வந்தவர். கைத்தொலைபேசி நிறுவனங்கள் தமிழ் எழுத்துருவைத் தரும்வரை காத்திராமல், எழுத்துகளைத் தானே வரைந்துகொள்ளும் ஜாவா நிரலாகச் செல்லினத்தை உருவாக்கினார். 2005 பொங்கலையொட்டி, ஒலி 96.8 வானொலியின் ஆதரவோடு அது சிங்கப்பூரில் அறிமுகம் ஆனது. தொலைபேசிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, ஜாவா தெரிந்தால் போதும். பெறுபவரிடமும் செல்லினம் இருக்க வேண்டும் என்பது குறைதான். இருந்தாலும் கையில் வைத்திருக்கும் கருவியிலிருந்து ஒரு சாதாரண மனிதர் தமிழில் எழுதி அனுப்ப முடிந்தது. அதற்கு முதலில் களமானது இந்த ஊர்.

கைக்கணினிகளின் கதை அதற்குப் பிறகு விரைவாக முடிந்துவிட்டது. 2007இல் ஐபோன் வெளிவந்தது, சிங்கப்பூருக்கு 2008 ஆகஸ்டில் வந்தது. பாம் நிறுவனத்தை 2010இல் எச்பி 120 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கி, அடுத்த ஆண்டே கருவிகளை நிறுத்தியது. பாம் கடைசியாக உருவாக்கிய இயக்கமுறை 2013இல் எல்ஜி நிறுவனத்துக்குப் போனது. உங்கள் வீட்டில் எல்ஜி அறிவார்ந்த தொலைக்காட்சி இருந்தால், பாமின் வாரிசு உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

செல்லினம் 2009இல் ஐபோனுக்கும் 2012இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 2013இல் ஆப்பிள் தனது ஐஓஎஸ் 7 இயக்கமுறையிலேயே தமிழ் விசைப்பலகைகளைச் சேர்த்தது. முதல் பைலட் வந்ததிலிருந்து 17 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம். அந்த 17 ஆண்டுகளில் சட்டைப்பையிலும் கைப்பையிலும் நாம் எழுதிய சிறு குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் போயின.

நேயர்களே, உங்கள் கைத்தொலைபேசியில் தொடர்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அம்மா எந்த எழுத்தில் இருக்கிறார்? பெரியப்பா, அத்தை, மாமா? தமிழில் தட்டெழுத முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும், என் பட்டியலில் பாதி ஆங்கில எழுத்தில்தான் கிடக்கிறது. பழைய கருவியிலிருந்து புதியதற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஒத்திசைத்துக்கொண்டே வந்த பெயர்கள் அவை. ஒத்திசைவு மென்பொருள் அவ்வளவு நேர்மையாக வேலை செய்திருக்கிறது! இதில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. லட்சுமி என்ற பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம், செல்வி சிலருக்கு 'எஸ்' வரிசையில், சிலருக்கு 'சி' வரிசையில். அவசரத்துக்குத் தேடினால் கிடைக்காது. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் குறையும். ஒவ்வொரு நாளும் நான்கைந்து பெயர்களை மாற்றினால் சில வாரங்களில் பட்டியல் முடிந்துவிடும். நான் 'அ' வரிசையை முடித்திருக்கிறேன்.

பழைய கைக்கணினியோ மின் நாட்குறிப்போ அலமாரியில் இருந்தால், முதலில் மின்கலன்களை எடுத்துவிடுங்கள். கசிந்து உள்பாகத்தை அரித்துவிடும். கவிதை, கூட்டக் குறிப்பு, பாடக் குறிப்பு என்று அக்காலத் தமிழ்க் கோப்புகள் பழைய வட்டுகளில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அவை எந்த எழுத்துருவில் தட்டப்பட்டவை என்று நினைவிருக்கும்போதே வட்டின் மேல் எழுதி வையுங்கள். டிஸ்கியா, டாமா, டாபா, தமிழ்ஃபிக்ஸா என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றுவது எளிது. தெரியாவிட்டால், ஒவ்வொரு வரிசையாகப் போட்டு, எதில் போட்டால் தமிழ் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.